தாலி கட்டும்போது மட்டும் கலர்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்தக் கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு, ஸ்ரீரங்கத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்தவன் நான். "பழைய நினைவுகள் ஏதாவது பேசுங்க சார்" என்று செயலாளர் கேட்டார். நினைவுகளைப் பேச இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கணக்குப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். கலர் பிலிம் கணக்கு.

1990-களின் நடுவில் 36 படம் எடுக்கும் ஒரு கலர் ரோல் ஏறக்குறைய 100 ரூபாய். கழுவ 20 ரூபாய். பிரிண்ட் ஒன்றுக்கு 4 ரூபாய் வீதம் 144. ஆக 264 ரூபாய். அதாவது, படம் ஒன்றுக்கு ஏழு ரூபாய்க்கு மேல். இதில் கேமரா விலை, பஸ் சார்ஜ், என் கூலி எதுவும் சேரவில்லை. கணக்கைக் கவனியுங்கள்: பாதிக்கு மேல் பிரிண்டுக்கே போகிறது. அதனால்தான், "நல்லா வந்ததை மட்டும் போடுங்க" என்று சொல்லாத வாடிக்கையாளரே கிடையாது.

ஏன் இவ்வளவு செலவு? மத்திய அரசு 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஊட்டியில் இருந்தது. அங்கே தயாரான 'இந்து' கறுப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் நாடெங்கும் போயின. ஆனால் கலர் பிலிமை முழுக்க இங்கேயே செய்யும் நிலை வரவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக நீலம், பச்சை, சிவப்பு ஒளிக்குத் தனித்தனிப் பூச்சு. அந்த நுட்பம் வெளிநாட்டுக் கம்பெனிகள் கையில். ஆகவே நாம் அழுத்திய ஒவ்வொரு கலர் கிளிக்கிலும் அந்நியச் செலாவணியும் சுங்க வரியும் ஒட்டிக்கொண்டிருந்தன.

அடுத்தது கழுவுகிற கதை. கறுப்பு வெள்ளையை நாங்களே இருட்டறையில் கழுவிவிடுவோம். 20 டிகிரி வேண்டும். சித்திரை மாதத்தில் ஐஸ் கட்டி வாங்கி வைத்துக்கொள்வோம். கலருக்கு 1972-ல் வந்த சி-41 முறையில் 38 டிகிரி, மூன்றே கால் நிமிடம். திருச்சி வெயிலுக்கு ஏற்ற முறை என்று சிரிப்பீர்கள். ஆனால் கால் டிகிரி பிசகினாலும் நிறம் மாறும். மருந்தும் திறந்து வைத்தால் கெட்டுப்போகும். தினமும் நிறைய ரோல் வந்தால்தான் கட்டுபடியாகும். எனவே மினிலேப் வருவதற்கு முன்பு ரோல்களைச் சேர்த்து வைத்து, ராக்போர்ட் எக்ஸ்பிரஸில் மதராஸ் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவோம். படம் வர ஒரு வாரம், பத்து நாள். அதுவரை வீட்டார் தினம் வந்து "ஆச்சா, ஆச்சா" என்பார்கள்.

செலவு இப்படி இருந்ததால் எண்ணி எண்ணித்தான் எடுப்போம். 1987 மார்ச் 25-ல் ஸ்ரீரங்கம் ராஜகோபுர கும்பாபிஷேகம். 13 நிலை, 236 அடி. சாதாரண 50 மில்லிமீட்டர் லென்ஸில் அது முழுதாக அடங்க வேண்டுமானால் முன்னூறு அடி பின்னால் போக வேண்டும். ஊரே திரண்ட கூட்டத்தில் எங்கே போவது? அன்று விரல் வைத்த ஒவ்வொரு தடவையும் மீதி எத்தனை என்று எண்ணிப் பார்த்துத்தான் அழுத்தினேன்.

கல்யாண வீடுகளில்தான் இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். எழுபதுகளில் கழுத்தில் இரண்டு கேமரா தொங்கும். ஒன்றில் கறுப்பு வெள்ளை, இன்னொன்றில் ஒரே ஒரு கலர் ரோல். "தாலி கட்டும்போது மட்டும் கலர் போடுங்கோ, போதும்" என்பார் பெண்ணின் தகப்பனார். மாலை மாற்றல், ஊஞ்சல், தாலி எல்லாம் கலர். நாதஸ்வரக்காரர், பரிசாரகர், பந்தியில் பாட்டி, வாசலில் நின்ற பிள்ளைகள் எல்லாம் கறுப்பு வெள்ளை. யார் முக்கியம் என்று பிலிம் விலை தீர்மானித்தது.

இப்போது அந்த ஆல்பங்களைத் திறந்து பாருங்கள். பந்தியில் உட்கார்ந்த பாட்டி அப்படியே பளிச்சென்று இருப்பாள். மணமக்கள் செம்மண் நிறத்தில் மங்கிக் கொண்டிருப்பார்கள்!

காரணம் நம் பாடத்திலேயே இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவமாக நிற்பது உலோக வெள்ளி. கலரில் வெள்ளி வேலை முடிந்ததும் கரைந்து ஹைப்போவோடு போய்விடும். மிஞ்சுவது சாயம் மட்டும். பழைய ஹைப்போவை வெள்ளிக்காக விலைக்கு வாங்கிப் போக ஆட்கள் வருவார்கள். ஆக, வெள்ளி லேப்பில் தங்கிவிட்டது. சாயம்தான் உங்கள் வீட்டுக்கு வந்தது. அந்தச் சாயங்களில் நீலப்பச்சை முதலில் போவதால்தான் பழைய படங்கள் சிவக்கின்றன. அதிகம் செலவழித்து எடுத்தது முதலில் அழிகிறது.

மாணவ நண்பர்கள் சிலர் இப்போது ஆசையாகப் பிலிம் கேமரா தூக்குகிறார்கள். சந்தோஷம். ரோல் விலை ஆயிரத்தை ஒட்டி வந்துவிட்டது, கழுவக் கூரியரில் வெளியூர் அனுப்புகிறார்கள். பழைய ராக்போர்ட் கதைதான் திரும்பி வந்திருக்கிறது. எடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

உங்கள் வீட்டு பீரோவில், ஸ்டுடியோ பெயர் போட்ட கவருக்குள், பழுப்பு நிற நெகடிவ் துண்டுகள் கிடக்கும். "பிரிண்ட் இருக்கே, இது எதுக்கு" என்று குப்பையில் போடாதீர்கள். பிரிண்ட் மங்கினாலும் நெகடிவில் பல சமயம் உயிர் இருக்கும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற ஸ்ரீரங்கத்தில் ஈரம் அதிகம், பூஞ்சை பிடிக்கும். உலர்ந்த இடத்தில், விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து, காகித உறையில் வையுங்கள். பசை தடவிய ஆல்பத்தில் ஒட்டி வைக்காதீர்கள். ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். படத்தில் இருப்பவர் யார் என்று சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருக்கும்போதே பெயரையும் வருஷத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கேனரால் நிறத்தை ஓரளவு மீட்க முடியும். பெயரை மீட்க முடியாது.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். நன்றாக உழைக்கிற ஒரு ஸ்கேனரை வாங்கி நூலகத்தில் வையுங்கள். விடுமுறையில் மாணவர்கள் உட்காரட்டும். நாங்கள் கவர்களோடு வருகிறோம். சொல்லிக் கொடுக்க நான் தயார். கூலி வேண்டாம், காபி போதும்.