மதுவை விட்ட மூன்றாம் நாள்
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செங்கல்பட்டில் மருத்துவப் பணியேற்ற புதிதில் நாங்கள் கண்டதொன்றைக் கூற விழைகிறோம்.

மாமல்லபுரம் கடற்கரையில் சிப்பிக் கடைகளின் ஓரம் படுத்துறங்கும் வீடற்ற ஒருவர், ரமலான் பிறை கண்டதும் மதுவை அடியோடு நிறுத்தினார். மூன்றாம் நாள் கைகால் நடுங்கின, இல்லாத பூச்சிகளைத் தட்டிவிட்டார், சுவரோடு பேசினார். ஜின் பிடித்ததென்று கருதிய சிலர் தர்கா வாசலில் ஓர் இரவு முழுதும் கட்டி வைத்து, வலிப்பு கண்ட பின்னரே எங்களிடம் கொணர்ந்தனர்.

அது ஜின் அன்று. ஆண்டுக்கணக்கில் மதுவுக்குப் பழகிய மூளை, அது திடீரென நின்றதும் கொந்தளிப்பதால் வரும் நோய். கவனியாது விட்டால் உயிரையே பறிக்கும். மருந்தோ எளியது: டயசிபாம், தயாமின் என்னும் வைட்டமின் பி1. குளுக்கோஸுக்கு முன்னரே தயாமின் செலுத்த வேண்டுமென்று எங்களுக்கு நினைவூட்டியவர் மூத்த செவிலியர் ஒருவர் (படித்துப் பட்டம் பெற்றவர்கள் நாங்கள்!). ஐந்தாம் நாள் அவர் தம் பெயரைக் கூறினார்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீக்கு இரையானதை நம் சமுதாயம் மறந்திராது. மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

குடிகாரனுக்கு ஜமாஅத் ஏன் இரங்க வேண்டுமெனச் சிலர் வினவுகின்றனர். ஹராமை விட முயன்றதாலன்றோ அவர் வீழ்ந்தார்!

விட விரும்புவோரை ஷஅபானிலேயே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். போதை மீட்புக்கான அரசின் இலவசத் தொலைபேசி எண் 14446. இதனைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.