எந்த ஊர் கோர்ட்டு?
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

நான் வக்கீல் இல்லை. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் எஞ்சினியர். என்னைச் சட்டம் படிக்க வைத்தது ஒரு கண்டெய்னர்தான்.

ஜெர்மனியில் ஒரு வியாபாரி, நாங்கள் அனுப்பிய ஷூ அப்பர்களில் சாயம் ஒட்டுகிறது என்று பணத்தை நிறுத்திவிட்டார். தரச் சான்றில் இருந்தது என் கையெழுத்து. "இங்கேயே கேஸ் போடுவோம்" என்றார் முதலாளி. வக்கீல் சிரித்தார்: "தீர்ப்பை இங்கே வாங்கிட்டு, பணத்தை அங்கே போய்த்தானே சார் வசூல் பண்ணணும்?"

ஐரோப்பிய நாடுகள் இதற்காக 1968-லேயே பிரஸ்ஸல்ஸில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன் வழிவந்த புதிய சட்டம் 2015 ஜனவரி 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூல விதி எளிது: பிரதிவாதி எந்த நாட்டில் இருக்கிறாரோ, அந்த நாட்டுக் கோர்ட்டு. வாதி ஐரோப்பியராக இருக்க வேண்டியதில்லை. ஒரு கனடா கம்பெனியின் வழக்கில் 2000-ஆம் ஆண்டிலேயே ஐரோப்பிய நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. ஆக, ஆம்பூர்க்காரரும் அங்கே வழக்குப் போடலாம். சரக்கை ஒப்படைக்கும் இடம் ஐரோப்பாவில் வேறொரு நாடாக இருந்தால், அந்த இடத்துக் கோர்ட்டுக்கும் போகலாம். ஆனால் இரு தரப்பும் ஒரு கோர்ட்டை எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால், பொதுவாக அதுதான் செல்லும்.

எங்கள் ஆர்டர் தாளைத் திருப்பிப் பார்த்தோம். பின்பக்கம் பொடி எழுத்தில், "தகராறு எதுவானாலும் வாங்குபவர் ஊர் கோர்ட்டில்" என்று இருந்தது! படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தோம். அங்கே போய் வழக்காடும் செலவைக் கணக்குப் போட்டுவிட்டு, பாதிப் பணத்துக்கு ராஜியானோம். அந்தத் தீபாவளிக்குப் போனஸ் குறைந்தது. தையல் பிரிவு அக்காமார்களை நிமிர்ந்து பார்க்க எனக்கு முடியவில்லை.

இன்னொன்று. ஜெர்மனி, இத்தாலி கோர்ட்டுத் தீர்ப்புகளை இங்கே நேரடியாக நிறைவேற்ற முடியாது; நம் சிவில் சட்டத்தின் 44ஏ பிரிவுப் பட்டியலில் அந்த நாடுகள் இல்லை. ஆனால் 1958-ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் இந்தியாவும் உண்டு, அவர்களும் உண்டு. அதனால் நடுவர் தீர்ப்பு இரு பக்கமும் செல்லுபடியாகும். இப்போதெல்லாம் எங்கள் ஒப்பந்தங்களில் நடுவர் மன்றம், அது கூடும் ஊர் இரண்டையும் பேசி எழுதிவிட்டுத்தான் தோலையே வெட்டுகிறோம்.

தம்பி தங்கைகளே, உங்களில் பலர் நாளை இந்தத் தோல் தொழிலுக்குத்தான் வரப்போகிறீர்கள். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுமுன் அதைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்திலும் எழுத்து இருக்கும்.