புகைபோக்கி இல்லாத அடுப்படி



வீடு, தோட்டம், சாப்பாடு ஆகியவற்றில் தெரியும் இன்றைய வாழ்வைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துப் பெண்களான நமக்கு இந்த மூன்றும் அடுப்படியில் ஒன்றாகிவிடும்.

1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். பிறகு மலையெங்கும் துரைமாருக்குப் பங்களாக்கள் எழுந்தன. அவற்றில் குளிர்காய நெருப்பிடமும், புகை போக ஒரு புகைபோக்கியும் இருந்தன. அதே மலையில் நம்மவர்களுக்குக் கிடைத்தது 10 அடிக்கு 12 அடி லயக்காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, மேலே தகரம். விறகுப் புகை கூரைச் சந்தில் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். புகையைப் பற்றித் தெரியாதவர்களா கட்டினார்கள்? எங்களைப் போன்ற மருத்துவர்களிடம் இழுப்போடும் இருமலோடும் வரும் அம்மாமார் பலர் ஒரு சுருட்டைக்கூடத் தொட்டதில்லை. அடுப்பு ஊதியே நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர்கள்.

பங்களாவைச் சுற்றிப் புல்தரையும் ரோஜாவும். லயத்துக்குப் பின்னால் நம் அம்மாமார் போட்ட பாத்தியில் போஞ்சி, லீக்ஸ், கோவா, வல்லாரை. மண் தோட்டத்துக்குச் சொந்தம். கீரை மட்டும் நமக்கு. அந்தக் கீரையிலும் பெரும்பகுதி விற்பனைக்குப் போய்விடும். வீட்டில் கோதுமை மா ரொட்டியும் கட்டசம்பலும் சாயத்தண்ணியும்தான். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. கொழுந்து எடுக்கும் பெண்களின் இரத்தசோகைக்கு வறுமையோடு இதுவும் ஒரு காரணம். தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளி வைத்து, சம்பலில் தேசிக்காய்ப் புளி விட்டால் எவ்வளவோ நல்லது.

பழைய கட்டடத்துக்குப் புது வாழ்வு கொடுக்க நம் மலையில் ஆட்கள் இல்லாமல் இல்லை. கந்தப்பொலையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1990களில் அழகான ஹோட்டல் ஆனது. காசல்ரீ நீர்த்தேக்கப் பக்கம் துரை பங்களாக்கள் விருந்தினர் மாளிகைகள் ஆயின. லயத்தின் முறைதான் இன்னும் வரவில்லை.

ஆனாலும் 7 பேர்ச் காணியில் தனி வீடுகள் எழத் தொடங்கியிருக்கின்றன. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி, முன்பு அறிவித்த 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகள் தருவதாகச் சொன்னார். நம்மில் சிலரும் கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பணம் அனுப்பிப் பெற்றோருக்கு வீடு கட்டுகிறோம். அப்படிக் கட்டிய வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். உள்ளே டைல்ஸ் பதித்த குசினியில் கேஸ் அடுப்பு பளபளவென்று இருக்கும். அம்மாவோ வீட்டுக்குப் பின்னால் நாலு தகரத்தைச் சாய்த்துவைத்து அதற்குள் விறகு எரித்துக்கொண்டிருப்பார். கேஸ் விலையும் அதற்குக் காரணம், பழக்கமும் காரணம். அவரைத் திருத்தப் போகாமல், அந்த விறகடுப்பையே வரைபடத்தில் சேர்த்துக்கொள்வோம். அவர் உயரத்துக்கு ஒரு மேடை, பக்கத்தில் ஒரு ஜன்னல், கூரைக்கு மேலே போகும் ஒரு புகைபோக்கி. மேசனிடம் பேசுமுன் அம்மாவிடம் பேசுங்கள். பின்பக்கம் முழுவதும் சீமெந்து பூசிவிடாமல் வல்லாரைக்கும் ஒரு பாத்தி விடச் சொல்லுங்கள்.