எழுதப்படாத விதி ஏஜென்ட்டுக்குத் தெரியாது



ரயில் டிக்கெட் எடுக்கும் ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். பயணத் தேதி என்ற இடத்தில் 03-04-2025 என்று இருக்கிறது. நமக்கு அது ஏப்ரல் 3. அமெரிக்க வழக்கப்படி மார்ச் 4. கவுன்டரில் இருக்கும் ஊழியருக்குச் சந்தேகம் வந்தால் நம்மிடமே கேட்டுவிடுவார். இப்போது நம் சார்பில் இந்த வேலையைச் செய்ய ஏஐ ஏஜென்ட்டுகள் வந்திருக்கின்றன. சந்தேகம் வரும் இடத்தில் அவை பல நேரங்களில் நின்று கேட்பதில்லை. ஊகித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகின்றன.

கேள்விக்குப் பதில் சொல்வதோடு நிற்காமல், மின்னஞ்சல் அனுப்புவது, கோப்பைத் திறப்பது, கணக்கில் பதிவு செய்வது போன்ற காரியங்களையும் செய்யும் ஏஐயைத்தான் ஏஜென்ட் என்கிறோம். இந்தக் காரியங்களுக்கு அதற்கு மென்பொருள் கருவிகள் வேண்டும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்ற பொது நெறிமுறை ஏஐயை இத்தகைய கருவிகளோடு இணைப்பதற்காக உருவானது. அதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர் இருக்கும். அது என்ன செய்யும் என்ற விளக்கம் சில வாக்கியங்களில் இருக்கும். என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்ற பட்டியலும் இருக்கும். பொதுவாக, கருவியின் உள்ளே எழுதியிருக்கும் நிரலை ஏஜென்ட் பார்ப்பதில்லை. இந்தக் குறிப்பைப் படித்துத்தான் முடிவெடுக்கிறது. ஆகவே விளக்கத்தில் ஒரு சொல் பிசகினால் வேலையே பிசகுகிறது.

கருவியோடு குறிப்பும் சேர்ந்து வரவேண்டும் என்ற எண்ணம் பழையது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொகுத்த யூனிக்ஸ் கையேடு 1971 நவம்பரில் வந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், எழுதும் முறை, விளக்கம் என்று வரிசையாகத் தந்தார்கள். குறைகளைச் சொல்லவும் தனித் தலைப்பு வைத்தார்கள். கருவி எங்கே சறுக்கும் என்பதை ஆக்கியவரே எழுதி வைக்கும் அந்த நேர்மை இன்றைக்கு இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

சரி, குறிப்பில் என்ன எழுத வேண்டும்? கருவியை எப்போது பயன்படுத்த வேண்டும், எப்போது கூடாது என்பது முதலில் வர வேண்டும். 'வாடிக்கையாளரைத் தேடு', 'வாடிக்கையாளரை எடு' என்று இரண்டு கருவிகள் இருந்தால், பெயர் மட்டும் தெரியும்போது முதலாவது, வாடிக்கையாளர் எண் கையில் இருக்கும்போது இரண்டாவது என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது அளவும் வடிவமும். 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்துபோனது. உந்துவிசைக் கணக்கை ஒரு மென்பொருள் பவுண்டு அளவில் கொடுத்தது. அதை வாங்கிய மென்பொருள் நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்டு விசை என்பது ஏறத்தாழ 4.45 நியூட்டன். மெட்ரிக் அளவில்தான் தர வேண்டும் என்று ஆவணத்தில் விதி இருந்தது. ஆனால் கைமாறிய எண்ணோடு அதன் அலகு சேர்ந்து போகவில்லை. அதனால்தான் அலகை, கேட்கும் இடத்திலேயே எழுதச் சொல்கிறோம். 'நேரம்' என்று கேட்காமல் 'காத்திருக்கும் நேரம், நொடியில்' என்று கேட்க வேண்டும். தேதியை ஐஎஸ்ஓ 8601 தரப்படி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் கேட்டால் ஏப்ரலா மார்ச்சா என்ற குழப்பமே வராது.

மூன்றாவது, பிழைச் செய்தி. 'தவறான உள்ளீடு' என்று மட்டும் சொன்னால் ஏஜென்ட் அதே தவறைத் திரும்பச் செய்யக்கூடும். '2025-04-03 என்ற வடிவில் தேதி வேண்டும்' என்று சொன்னால் அடுத்த முறை திருத்திக்கொள்ளும்.

நான்காவது, திரும்பப் பெற முடியாத செயல்கள். அழிப்பது, பணம் அனுப்புவது போன்ற கருவிகளில் அந்த எச்சரிக்கை முதல் வரியிலேயே இருக்க வேண்டும். அதோடு, ஒரு மனிதர் சரி என்று சொன்ன பிறகே நடக்கும்படி மென்பொருளிலும் தடை வைக்க வேண்டும். எழுத்து மட்டும் பூட்டாகிவிடாது.

சில சமயம் விளக்கத்தை நீட்டுவதைவிடக் கருவியையே மாற்றுவது நல்லது. கோப்பு இருக்கும் இடத்தை, அப்போது நிற்கும் கோப்புறையை வைத்துச் சுருக்கமாகக் கொடுக்கலாம் என்று விட்டிருந்தபோது, ஏஜென்ட் வேறு கோப்புறைக்கு நகர்ந்ததும் தடுமாறியது என்று ஆந்த்ரோபிக் பொறியாளர்கள் 2024 டிசம்பரில் எழுதினார்கள். முழு முகவரியைத்தான் தர வேண்டும் என்று கருவியை மாற்றினார்கள். அந்தத் தவறு நின்றது.

மென்பொருள் எழுதும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கருவியின் குறிப்பை, அந்தக் கருவியை அறியாத ஒரு சக ஊழியரிடம் கொடுங்கள். அதை மட்டும் வைத்து வேலையை முடிக்கச் சொல்லுங்கள். அவர் உங்களிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் குறிப்பில் விடுபட்ட ஒரு வரி. அன்றைக்கே அதை எழுதிச் சேர்த்துவிடுங்கள். ஏஜென்ட்டுக்கு மட்டுமல்ல, உங்களுக்குப் பின் அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவருக்கும் அது உதவும்.