பார்வை மங்கியவர் மீட்டெடுத்த இசை: ஐரி லெஜூன்



இன்று உங்களுக்கு நான் சொல்ல வந்தது ஓர் ஏழை விவசாயி மகனின் கதை. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தைச் சேர்ந்த அவர் பெயர் ஐரி லெஜூன். அக்கார்டியன் வாசித்தவர். 26 வயதுவரைதான் வாழ்ந்தார்.

முதலில் அவருடைய மக்களைத் தெரிந்துகொள்ளுங்கள். கேஜன் மக்கள், பிரெஞ்சு பேசுபவர்கள். இவர்களின் முன்னோர் கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில் வாழ்ந்தவர்கள். 1755 முதல் பிரிட்டிஷார் அவர்களின் நிலத்தைப் பிடுங்கி, கப்பலேற்றித் துரத்தினார்கள். அலைந்து திரிந்தவர்களில் பலர் லூசியானாவில் குடியேறினார்கள். அங்காவது நிம்மதியாக விட்டார்களா? 1921-இல் வந்த மாநில அரசியல் சட்டம், பள்ளியில் ஆங்கிலம்தான் என்றது. தாய்மொழியில் பேசிய பிள்ளைகளுக்குப் பள்ளியில் தண்டனை கிடைத்தது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெற்றோரானபோது, தங்கள் பிள்ளைகளிடம் பிரெஞ்சு பேசுவதையே பலர் நிறுத்திவிட்டார்கள். சட்டத்தைவிட இந்த வெட்கம்தான் அதிகச் சேதம் செய்தது என்பேன்.

பாட்டும் தப்பவில்லை. 1930-களின் நடுவில் வானொலியில் டெக்சஸ் பாணி இசைக்குழுக்கள் வந்தன. கிதாரும் பிடிலும் நாகரிகம், அக்கார்டியன் பட்டிக்காட்டு வாத்தியம் என்றாகிவிட்டது.

ஐரி 1928-இல் சர்ச் பாயின்ட் ஊருக்குப் பக்கத்தில், குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பார்வை மிக மங்கல். வயலில் இறங்கி வேலை செய்ய முடியாத பிள்ளை என்ன செய்வான்? உறவினர் ஆஞ்சலாஸ் லெஜூனின் அக்கார்டியனை எடுத்துப் பழகினார். அந்த வாத்தியத்துக்குப் பத்துப் பொத்தான்கள்தான். துருத்தியை அழுத்தினால் ஒரு சுரம், இழுத்தால் வேறு சுரம்.

அவருக்கு இன்னொரு குருவும் உண்டு: அமெடே ஆர்டுவான் என்ற கறுப்பினக் கலைஞர். 1929 முதல் 1934 வரை அவர் பதிவு செய்த இசைத்தட்டுகளைக் கேட்டுத்தான் ஐரி பல பாட்டுகளைக் கற்றார். ஒரு வெள்ளைக்காரப் பெண் கொடுத்த கைக்குட்டையால் வியர்வை துடைத்ததற்காக ஆர்டுவான் அடித்து நொறுக்கப்பட்டார் என்று அந்த வட்டாரத்தில் சொல்வார்கள். 1942-இல் மனநல மருத்துவமனையில் இறந்தார். மொழிக்காக அவமானப்பட்ட ஊரிலேயே நிறத்துக்காக இப்படியும் நடந்தது. இதை மறைத்துவிட்டு கேஜன் இசையின் பெருமையை மட்டும் பேசக்கூடாது.

1948-இல் ஹூஸ்டன் நகரில், பிடில் கலைஞர் ஃபிளாய்ட் லெபிளாங்குடன் சேர்ந்து 'காதல் பாலம்' என்னும் வால்ட்ஸ் பாட்டை ஐரி பிரெஞ்சில் பதிவு செய்தார். பழைய அக்கார்டியன், அழுகையோடு எழும் குரல். இனி யார் கேட்பார் என்றிருந்த இசைத்தட்டு அந்த வட்டாரம் முழுக்க விற்றது! போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் வீட்டு இசைக்காக ஏங்கிக் கிடந்த காலம் அது. ஒதுங்கியிருந்த நேதன் ஆப்ஷயர் போன்ற மூத்த கலைஞர்கள் மறுபடியும் பதிவுக்கூடம் போனார்கள். பிறகு லேக் சார்ல்ஸ் நகரின் எடி ஷூலர், ஐரியின் பாட்டுகளைத் தம் கோல்ட்பேண்ட் நிறுவனத்தில் வெளியிட்டார். சிலவற்றை ஐரியின் வீட்டிலேயே பதிவு செய்தார்கள்.

1955 அக்டோபரில், யூனிஸ் ஊர் நடன விடுதியில் வாசித்துவிட்டு ஐரி வீடு திரும்பினார். வழியில் டயர் பஞ்சர். சாலையோரம் நின்றிருந்தவர்மீது வேறொரு கார் மோதியது. அங்கேயே முடிந்தது.

பிரெஞ்சு மொழியை வளர்க்க 1968-இல் அதே மாநில அரசு ஓர் அமைப்பை உருவாக்கியபோது ஐரி இல்லை. அவர் இறந்தபோது மகன் எடிக்கு வயது 4. எடியும் அக்கார்டியன் கலைஞரானார். 2001-இல் மறையும்வரை அப்பாவின் பாட்டுகளை அதே பிரெஞ்சில் பாடிவந்தார்.