பசுவின் சிறுநீர் சொல்லும் செய்தி

எல்ல, தெமோதரை, பண்டாரவளைத் தோட்டங்களில் லயங்களின் பின்புறத்தே ஓரிரு பசுக்களை வளர்க்கும் குடும்பங்கள் பல. தோட்டச் சம்பளம் அரிசிக்கும் மாவுக்கும் போய்விட, பிள்ளைகளின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் பாற்காசே கைகொடுக்கின்றது. பசு நோயுற்றுப் படுத்தால் வகுப்பறையிலே ஓர் இருக்கை வெறுமையாவதை ஆசிரியர்களாகிய நாங்கள் அறிவோம்.

வாயில்லாச் சீவன் தன் நோயைச் சொல்லாது. ஆயினும் அதன் சிறுநீர் சொல்லும். நலமுள்ள பசுவின் சிறுநீர் வைக்கோல் நிறமாய்த் தெளிந்திருக்கும். அது சிவந்தோ, தேயிலைச் சாயம்போற் கறுத்தோ காணப்படின், கண்ணாடிக் குவளையொன்றில் அசையாது வைத்துப் பாருங்கள். சிவப்பு அடியிலே படிந்து மேல்நீர் தெளிந்தால், சிறுநீர் வழியில் எங்கோ இரத்தம் கசிகின்றது எனக் கொள்ளலாம். படியாது முழுவதும் ஒரே நிறமாய் நின்றால், குருதியணுக்கள் உடலினுள்ளேயே உடைகின்றன என ஐயுற வேண்டும். உண்ணிக் காய்ச்சலில் நிகழ்வது இதுவே. 1888இல் உருமேனியாவில் விக்டர் பாபேஸ் என்னும் அறிஞர், செந்நீர் கழித்த மாடுகளின் குருதியில் இவ்வகைக் கிருமியைக் கண்டார். அதனைப் பரப்புவது உண்ணியே என 1893இல் அமெரிக்கர்களாகிய சிமித்தும் கில்போர்னும் நிறுவினர்.

நிறத்தால் அறியவொண்ணாத நோயும் உண்டு. கன்று ஈன்ற சில வாரங்களுள், நிறையக் கறக்கும் பசு தவிட்டையும் புண்ணாக்கையும் வெறுத்து மெலியும், பாலும் குறையும். உண்ணும் தீனி பாலுக்குப் போதாமையால் உடற்கொழுப்புக் கரைந்து, கீற்றோன் என்னும் பொருள்கள் சிறுநீரில் மிகுகின்றன. 1908இல் உரோதெரா வெளியிட்ட சோதனையின்படி, சோடியம் நைத்திரோபுரசைட்டு முதலியன சேர்க்க அச்சிறுநீர் ஊதா நிறம் கொள்ளும். அதே முறையில் அமைந்த தாள்துண்டொன்று இன்று சில நிமிடங்களுக்குள் அதனைக் காட்டிவிடுகின்றது.

கழுவி உலர்த்திய போத்தலிலே, முதலில் வரும் நீரை விட்டு இடையில் வருவதைப் பிடியுங்கள். நேரத்தைக் குறித்து அன்றே மிருக வைத்தியரிடம் சேர்ப்பியுங்கள். எலிக்காய்ச்சற் கிருமி மாட்டின் சிறுநீரிலும் இருக்கக்கூடும். ஆதலின் கையிற் புண்ணுள்ளவர் அதனைத் தொடலாகாது. ஏனையோரும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் வேண்டும்.

சோதனை மருந்தன்று, சிறுநீர் ஒன்றையே கொண்டு நோயை முடிவுசெய்தலும் ஆகாது. காய்ச்சலையும் குருதியையும் வைத்தியர் ஆராய்வார். எனினும், மலைப்பாதையில் அவர் ஏறி வருமுன் போத்தல் அவர் கையை அடைந்தால், ஏற்ற மருந்தோடு வருவார். ஒருநாள் முந்துவதே பல வேளைகளில் ஒரு பசுவைக் காப்பதாகும்.