சிலந்தி நூற்ற பட்டு

ஒட்டடை என்று நாம் தட்டியெறியும் சிலந்தி நூலை எவரேனும் ஆடையாக்க முற்படுவாரா? முற்பட்டனர். 1709இல் பிரான்சு தேசத்து மொன்பெலியே நகரப் பிரமுகர் ஒருவர், சிலந்தியின் முட்டைக் கூடுகளிலிருந்து இழையெடுத்துக் காலுறையும் கையுறையும் செய்வித்தார். இதனை ஆராய்ந்த ரெயோமூர் என்னும் அறிஞரோ, சிலந்திகளை ஒருங்கே வளர்த்தல் இயலாதென்று கண்டார். அவை ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன! பட்டுப்புழுவின் சாதுக்குணம் அவற்றுக்கில்லை.

ஆயினும் ஆசை விடுவதாயில்லை. எடைக்கு எடை எஃகினும் வலியது அந்நூல். அறுமுன் நன்கு நீண்டு கொடுப்பதுமாகும். மடகஸ்கார்த் தீவிலே பன்னிரண்டு இலட்சம் சிலந்திகளைப் பிடித்து, நூலை இழுத்தெடுத்தபின் அவற்றை விட்டுவிட்டு, மேலாடையொன்று நெய்தனர். 2012இல் இலண்டனில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. சாயந் தோய்க்காத பொன்னிறம்!

இப்பொழுது விஞ்ஞானிகள் சிலந்தியின் மரபணுவைப் பட்டுப்புழுவினுட் புகுத்தி வருகின்றனர். காயந் தைக்கவும் அந்நூல் உதவுமென்பது அவர்தம் எதிர்பார்ப்பு.